மீட்டர்காரர் நிற்கும் இடங்கள்

அப்பாவின் இடது கையைச் சின்னவன் மூன்றாவது முறையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். 'அப்பா எல்லையைத் தாண்டிவிட்டார்' என்றிருந்தது.

அப்பா அவன் எதிரே, கூடத்தின் நடுவில், மடக்குக் கட்டிலில் கிடந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி. ஆனால் கைபேசி வரைபடத்தில் 'அப்பா' என்று பெயர் போட்ட நீலப் புள்ளி வீட்டுப் படியிறங்கித் தெருவில் இடப்பக்கம் திரும்பியிருந்தது. செத்தவர்கள் எங்கேயோ போகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்தான். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், பேக்கரி முனைப் பக்கமாகப் போவார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

சமையலறையிலும் அதே ஒலி கேட்டது. அக்காவின் கைபேசி. அவள் ஈரக்கையோடு அதை எடுத்துப் பார்த்ததையும், வாசலை ஒரு பார்வை, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்ததையும் அவன் கூடத்திலிருந்தே கவனித்தான்.

"என்னக்கா அது?"

"எது?"

"போன் கத்துச்சே."

"விளம்பரக்காரன் எவனாவது இருக்கும். நீ டீ குடிச்சியா?"

அக்கா கேட்டது டீயைப் பற்றி இல்லை என்பது சின்னவனுக்குத் தெரியும். பேச்சை மாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளமே.

ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நகரத்தில், பேருந்துக் கழகத்தின் கட்டுப்பாட்டு அறையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறான். சுவர் அகலத் திரையில் நூற்று நாற்பது பேருந்துகள் நூற்று நாற்பது புள்ளிகளாக ஊரும். நிறுத்தமில்லாத இடத்தில் ஒரு புள்ளி மூன்று நிமிடம் நின்றால் ஒலிவாங்கியை எடுப்பான். "பதினாலு, எதுக்கு நிக்கிறீங்க?" டிரைவர்கள் அவனுக்குப் 'புள்ளி சார்' என்று பெயர் வைத்தார்கள். அக்காவின் கணவர், அவனுடைய அத்தான், அதைக் கேள்விப்பட்டுப் 'பெரும்புள்ளி' என்று பதவி உயர்வு கொடுத்தார். குடும்பத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

ஒருமுறை பதினாலாம் வண்டி டிரைவர் தன் கருவியைக் கழற்றி, அதே தடத்தில் ஓடும் இருபத்திரண்டாம் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு மதியம் பூராவும் தூங்கினார். திரையில் பதினாலு ஒழுங்காகத்தான் ஓடியது. சின்னவன் அரைமணி நேரத்தில் பிடித்துவிட்டான். பதினாலு நிறுத்தத்துக்கு வந்து முட்டுகிற மாதிரி நிற்கும். இருபத்திரண்டு பத்தடி முன்னாலேயே ஊர ஆரம்பித்துவிடும். "நகர்றதும் நிக்கறதும் கையெழுத்து மாதிரி சார், மாத்த முடியாது" என்று அவன் மேலதிகாரியிடம் சொன்னான். மேலதிகாரி அதை ஒரு கூட்டத்தில் தன் சொந்த வாக்கியமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

அப்பாவின் கையெழுத்தும் அவனுக்குத் தெரியும். அப்பா மின்சார மீட்டர் அளவெடுப்பவராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். தெருவே அவரை 'மீட்டர்காரர்' என்றுதான் சொல்லும். நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டபோது மனைவி இறந்துபோன வருடத்தை மறந்தார், மகளின் பெயரை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். மீட்டரை மட்டும் மறக்கவில்லை. காலை ஆறரைக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவார். ஒவ்வொரு கேட்டிலும் நிற்பார். சுவரிலிருக்கும் மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்ப்பார். எண்ணைச் சொல்வார். அடுத்த கேட்டுக்குப் போவார். கண் மங்கிய பிறகு, வீட்டுக்காரர்களே வெளியே வந்து எண்ணைப் படித்துச் சொன்னார்கள். சொல்லாவிட்டால் அவர் நகரமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தெரு தீர்ந்தும் நடந்துகொண்டே போய்விட்டார். பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தொண்ணூற்றாறு மீட்டர்கள் வரிசையாக இருந்த சுவரின் முன்னால், பரம சந்தோஷமாக நின்றவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்.

அதற்கப்புறம்தான் சின்னவன் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும் அந்த இடங்காட்டிப் பட்டையை வாங்கிக் கட்டினான். எங்கே இருக்கிறார் என்று மூன்று கைபேசிகளுக்குச் சொல்லும். வீட்டைச் சுற்றி ஒரு எல்லை. தாண்டினால் அலறும். காலை ஆறரை முதல் ஏழேகால் வரை நடை நேரம், அப்போது மட்டும் அலறாது. எல்லாம் அவனே செய்த ஏற்பாடு. இனி அப்பா தொலையமாட்டார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினான். பெரிய மகன் கடமையைச் செய்துவிட்ட தோரணை வேறு. பெரிய மகன் யாரும் அந்த வீட்டில் கிடையாது. தோரணைக்கு அதெல்லாம் தேவையுமில்லை.

இன்று காலை ஏழு இருபதுக்கு அக்கா போன் செய்தாள். "அப்பா போயிட்டாருடா. தூக்கத்துலயே."

அழுதான். லீவு சொன்னான். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் அழுதான். இரண்டாவது மணி நேரத்தில் பழக்கதோஷம் தலைதூக்கியது. பட்டையின் பதிவைத் திறந்தான். காலை ஆறு முப்பத்திரண்டுக்கு அப்பா வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். ஒவ்வொரு கேட்டிலும் நின்றிருக்கிறார். ஏழு ஐந்துக்கு வீடு திரும்பியிருக்கிறார். சின்னவனே அதை வேலையிலிருந்தபடி பார்த்திருந்தான்; பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்திருந்தான்.

தூக்கத்தில் நடக்கிற வியாதி அப்பாவுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும், மேஜைமேல் இருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தான். 'காலை ஐந்து மணியளவில்.' இரண்டு முறை படித்துவிட்டு யாரும் பார்க்காதபோது படம் எடுத்துக்கொண்டான். ஐந்து மணிக்கு இறந்தவர் ஆறரைக்கு வாக்கிங் போயிருக்கிறார். அப்படியானால் டாக்டர் பொய், அல்லது அக்கா பொய். அப்பா தெருவில் தனியாக விழுந்திருக்க வேண்டும். யாரோ தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்திருக்க வேண்டும். தனியாக விட்டது தெரியக்கூடாது என்று மணியை மாற்றிச் சொல்கிறார்கள். கணக்கு இப்படி மளமளவென்று கூடிவந்ததில் அவனுக்கு ஒருவித உற்சாகம்கூட வந்தது. அதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கணக்கை விடவில்லை.

விழுந்த காயம் தேடினான். நெற்றி, முழங்கை, முட்டி. ஒரு சிராய்ப்பு இல்லை. துணியை விலக்கிப் பாதத்தைப் பார்த்தான். அங்கே ஒரு விஷயம் உறுத்தியது. முப்பத்தொரு வருடம் தெருத்தெருவாக நடந்து, அதற்குப் பிறகும் தினம் நடந்துகொண்டிருந்த பாதம் அது. வெடிப்பு விழுந்து, காய்ப்புக் காய்ச்சு, செருப்பையே தேய்க்கிற குதிகால். இப்போது தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. குழந்தையின் பாதம்.

செருப்பைத் தேடினான். கட்டிலுக்கடியில் இருந்தது. ஒரு சிலந்தி அதில் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.

கையில் பட்டையும் இல்லை, பட்டை கட்டியிருந்த தடமும் இல்லை. அதைத்தான் மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான், கைபேசி அதிர்ந்தபோது.

"அத்தான் எங்கக்கா?"

"சேர் பத்தாதுன்னு சொல்லிட்டிருந்தாரு. வெளிய போயிருப்பாரு." அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். "நீ கொஞ்சம் படுத்துக்கடா. நாலு மணிக்குத்தான் எடுக்கறது."

"இப்ப வந்துடறேன்."

"எங்கடா போற?"

"அப்பாவப் பாத்துட்டு வரேன்" என்று வாய்வரை வந்தது. "காத்தாட" என்றான்.

தெருவில் வெயில் உறைத்தது. சின்னவன் கைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தான். நீலப் புள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நூற்றைம்பது அடி. புள்ளி நின்றது. அவனும் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றான். அந்தக் கம்பம் அவனில் பாதியைக்கூட மறைக்காது என்பது அவனுக்கே தெரிந்தது. புள்ளி நகர்ந்தது. பத்துப் பன்னிரண்டு எட்டு. மறுபடி நின்றது.

ஒவ்வொரு கேட்டிலும் நிற்கிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நகர்கிறது. அடுத்த கேட்டில் நிற்கிறது. சந்தேகமே இல்லை, இது அப்பாவின் கையெழுத்து. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த கையெழுத்து. வீட்டுக் கூடத்தில் கிடப்பது யார் என்றுகூட ஒரு கணம் புத்தி கேட்டது. இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கிற புத்தியை வைத்துக்கொண்டா நூற்று நாற்பது பேருந்துகளை ஓட்டுகிறோம் என்று அவனுக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

வளைவு திரும்பினான். ஏழாவது கேட்டில் அத்தான் நின்றிருந்தார்.

பக்கத்து வீடுகளுக்குச் சேதி சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். கேட்டுக்கு உள்பக்கம் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்குங்க" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "முடிஞ்சா வாங்க."

"நல்ல மனுஷன். எத்தன மாசமாச்சு இந்தப் பக்கம் வந்து!" தையல்காரம்மா பின்னால் வந்து நின்றவனைப் பார்த்தாள். "இது யாரு, சின்னவனா? அப்பா ஜாடை அப்படியே இருக்கு. பாவம்ப்பா உங்க அத்தான். தெனமும் காலையில வந்து இங்க நிப்பாரு, மாமனார் மாதிரியே. பேச்சும் கெடையாது மூச்சும் கெடையாது, வாட்ச்சப் பாப்பாரு, ஒரு நிமிஷம் நிப்பாரு, போய்டுவாரு. முதல்ல ஒரு வாரம் எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. மாமனாருக்கு வந்தது மருமகனுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு..."

"அம்மா, துணி தீயுற வாசன வருது பாருங்க" என்றார் அத்தான்.

"ஐயோ!" என்று அவள் இஸ்திரிப் பெட்டியை நோக்கி ஓடினாள்.

இருவரும் கேட்டு வாசலில் நின்றார்கள். அத்தான் பை ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப், இடுப்புப் பெல்ட்டுக்கு ஓட்டை, செருப்புக்கு வார். அரைக்கைச் சட்டைதான் எப்போதும். இடது மணிக்கட்டில், வெயிலில் கறுத்த கையைச் சுற்றி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த வளையம் இருந்தது.

சின்னவன் அந்த வளையத்தையே பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

அத்தான் கால்சட்டைப் பைக்குள் கையைவிட்டுப் பட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"எத்தன நாளா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் மாப்ள."

"எத்தன நாளா அத்தான்?"

"மூணு மாசம்." அவர் செருப்பு முனையால் தரையைக் கீறினார். "பாத்ரூம்ல விழுந்தாரு. இடுப்பு. ஆபரேஷன் தாங்க மாட்டாருன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் எந்திரிக்கவே இல்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்க அக்காகிட்ட கேளு."

"உங்களத்தான் கேக்கறேன். தெனமும் இதக் கட்டிக்கிட்டு நடந்திருக்கீங்க. என்னை முட்டாளாக்க."

"முட்டாளாக்கறதுன்னா சும்மா இல்ல மாப்ள." அத்தான் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் சூடு வந்தது. "நீ பெரும்புள்ளி. வண்டி நகர்றத வெச்சே டிரைவரச் சொல்லிடுவ. நான் என் பாட்டுக்கு நடந்தா கண்டுபுடிச்சிருவேன்னு தெரியும். அதான் ஒவ்வொரு கேட்டுலயும் நின்னேன். அவரு எவ்வளவு நேரம் நிப்பாரோ அவ்வளவு நேரம். வாட்ச்சுல பாத்துப் பாத்து. நாய் இருக்கற வீட்டுல அவரு நிக்கமாட்டாரு, நானும் நிக்கல. மழையில குடையோட நின்னேன். ஜனங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. கடைக்கு வர்ற பசங்க என்னை 'ஸ்டாப்பிங் அங்கிள்'னு கூப்பிடறானுங்க."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்குக் காலையில? அஞ்சு மணிக்கே போயிட்டாரு. ஆறரைக்கு நடந்திருக்கீங்க."

அத்தான் கேட்டின் தாழ்ப்பாளை மாட்டினார்.

"ஆறரைக்கு நீ பாப்ப. புள்ளி நகரலன்னா ஆறே முக்காலுக்கு போன் வரும். அப்ப அவளால பேச முடியல. அவரு கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா, ஒரு வார்த்த வரல. சரி, ஒரு அரைமணி நேரம் நான் நடக்கறேன், நீ பேசறதுக்குத் தயாராகுன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன்." வளையம் இருந்த இடத்தைச் சொறிந்துகொண்டார். "இன்னும் பதினாறு வீட்டுக்குச் சொல்லணும். வரியா?"

சின்னவன் போகவில்லை. பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை அடுக்கினான். சொந்த அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது மகனிடம் மறைக்கிற உரிமையை உனக்கு யார் கொடுத்தது. இந்த வீட்டு வாசலை இனி நான் மிதித்தால் பார். நல்ல வாக்கியங்கள். கட்டுப்பாட்டு அறையில் எட்டு வருடத்தில் இவ்வளவு நல்ல வாக்கியங்கள் அவனுக்கு வாய்த்ததில்லை.

அக்கா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அவன் பட்டையை மேடைமேல், டம்ளர்களுக்கு நடுவில் வைத்தான். அவள் பார்த்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வீடியோல காட்டினியே" என்றான். அடுக்கிவைத்த வாக்கியங்களில் இது இல்லை. "சேர்ல உக்காந்திருப்பாரே. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு."

"தலகாணி வெச்சு உக்கார வெப்போம். ரெண்டு நிமிஷம் தாங்குவாரு. நீயும் ரெண்டு நிமிஷம்தான பேசுவ."

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. விவரமாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது.

"ஏன்க்கா?"

"நீதான சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"மூணு நாள் புள்ளி நகரலன்னு போன் பண்ண. முட்டி வலின்னு சொன்னேன். அவரப் படுக்கையில போட்டுட்டீங்களா, உங்களால முடியலன்னா விட்டுடுங்க, இங்க ஒரு காப்பகம் பாத்து வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. ஞாபகமிருக்கா?"

ஞாபகமிருந்தது. காப்பகம் நல்ல காப்பகம். சுவரெல்லாம் மஞ்சள் நிறம். படிவம்கூட நிரப்பிவைத்திருந்தான்.

"ஸ்பீக்கர்ல இருந்துச்சுடா போன். அவருக்கு எங்க புரியப்போவுதுன்னு நெனச்சேன். நீ வெச்சதும் கட்டில் கம்பியப் புடிச்சாரு. இப்படி." அக்கா மேடை விளிம்பைப் பற்றிக் காட்டினாள். விரல் முட்டிகள் வெளுத்தன. "விடவே இல்ல. சாப்பிடவும் விடல, துணி மாத்தவும் விடல. மறுநாள் காலை வரைக்கும். யாரு வீடு, யாரு பொண்ணு, எதுவும் தெரியாது அவருக்கு. அது மட்டும் தெரிஞ்சுது." கையை எடுத்தாள். "அப்பதான் இவரு, அந்தப் புள்ளிதான் வேணும்னா நான் நடந்துட்டுப் போறேன்னாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு."

அந்த வாரச் சனிக்கிழமையும் சின்னவனுக்கு ஞாபகமிருந்தது. புள்ளி நகர்ந்தது. முதல் கேட்டில் நின்றது, இரண்டாவது கேட்டில் நின்றது. அவன் மறுநாளுக்கு எடுத்திருந்த பயணச்சீட்டை ரத்து செய்தான். மனசு லேசாகி, அன்றைக்கு மாலை ஒரு சினிமாவுக்குக்கூடப் போனான்.

"புள்ளி நின்னிருந்தா நான் வந்திருப்பேன்க்கா."

"வந்து?"

அடுப்பில் பால் விளிம்புவரை ஏறி வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி நொடியில் சின்னவன்தான் அடுப்பை அணைத்தான்.

"எத்தன டம்ளர் வேணும்?" என்று கேட்டான்.

"பதினெட்டு" என்றாள் அக்கா.

மூன்றரைக்கு வண்டி வந்தது. வெள்ளை வண்டி, பின்பக்கம் நீளக் கண்ணாடி. வண்டிக்காரர் இறங்கி, தெருவின் அகலத்தையும் வண்டியின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பீடியை அணைத்தார்.

தூக்குவதற்கு முன்னால் சின்னவன் கட்டிலருகே குனிந்து அப்பாவின் இடது கையைத் துணிக்கு வெளியே எடுத்தான். பட்டையைச் சுற்றினான். கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கைவரை நழுவியது. மூன்று மாதத்தில் கை அவ்வளவாக இளைத்திருந்தது. இளைத்ததை எந்தக் கைபேசியும் சொல்லவில்லை. அவன் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் யாரோ குந்தி உட்கார்ந்தார்கள். அத்தான். சட்டைப் பையிலிருந்து ஓட்டை போடும் குறடு ஒன்றை எடுத்தார். கடையைப் பூட்டினாலும் அது அவர் பையை விட்டு இறங்காது. பட்டையை விரலால் அளந்து, மூன்று இடம் தள்ளி ஒரே அழுத்தாக அழுத்தினார். அரிசியளவு கறுப்பு ரப்பர் துணுக்கு வெள்ளைத் துணிமேல் விழுந்தது. அதை நகத்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப மாட்டு."

சரியாக நின்றது.

"சார்ஜ் முப்பத்தெட்டு இருக்கு" என்றார் அத்தான். "போதும். அங்க போய்க் கழட்டிடலாம். மறந்துடாத."

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முந்தானை நனைந்திருந்தது, அழுததாலா, டம்ளர் கழுவியதாலா என்று பிரிக்க முடியாது.

"நீ வரலையாக்கா?"

"அங்க வந்து என்னால பாக்க முடியாதுடா." கைபேசியைக் கையில் எடுத்தாள். "நான் இதுலயே பாத்துக்கறேன்."

அத்தான் பின்னால் அப்பாவோடு ஏறிக்கொண்டார். சின்னவன் முன்னால் ஏறினான். வண்டி முனகிக்கொண்டு கிளம்பியது. முதல் கேட்டைத் தாண்டப்போனபோது அவன் வண்டிக்காரரின் தோளைத் தொட்டான்.

"இங்க கொஞ்சம் நிறுத்துங்க."

"என்ன சார், எதையாவது விட்டுட்டீங்களா?"

"இல்ல. ஒரு நிமிஷம்."

நின்றது. ஒரு நிமிடம் போனது. "போலாம்" என்றான் சின்னவன். பன்னிரண்டு எட்டுத் தொலைவு போனது. "இங்கயும்."

வண்டிக்காரர் அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"தெரு முனை வரைக்கும் இருபத்திமூணு கேட்டு" என்றான் சின்னவன். "நாய் இருக்கற வீடு ஒண்ணு வரும், அங்க மட்டும் வேணாம்."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வண்டியிலயும் புள்ளி வெச்சிருக்கான். சும்மா சும்மா நிறுத்தினா ஆபீஸ்ல ஒருத்தன் உக்காந்துட்டு, எதுக்கு நிக்கறன்னு உயிர எடுப்பான். அவனுக்கென்ன, ஏசில உக்காந்திருக்கான்."

"கேப்பான்" என்றான் சின்னவன். "கேட்டா போன என்கிட்ட குடுங்க."

வண்டி நின்றது, நகர்ந்தது, நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடியில் வீடு தெரிந்தது. அக்கா கேட்டுக்கு வெளியே தெருவிலேயே வந்து நின்றிருந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, தலை கைபேசியின்மேல் கவிழ்ந்திருந்தது. திரையில் அவள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது சின்னவனுக்குத் தெரியும்.

ஏழாவது கேட்டில் தையல்காரம்மா தயாராக வெளியே வந்து நின்றிருந்தாள். வண்டி நின்றதும் நீளக் கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, குதிகாலை உயர்த்தி எட்டி, மீட்டர் பெட்டியின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"ஏழாயிரத்து நானூத்திப் பதினாறு" என்றாள் சத்தமாக.

சின்னவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு வண்டிக்காரரிடம், "போலாம்" என்றான்.